ரசீது புத்தகத்தோடு படியேறுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். வயது 29, தனியார் கம்பெனியில் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேர்ந்தேன். அப்போது வயதான மூன்று பேர்தான் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து வாட்ஸப் குழு தொடங்கினேன். சந்தாவை ஜிபேயில் கட்டுகிற மாதிரி செய்தேன். குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். போன மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 9 பேர். ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் ராத்திரி 11 மணிக்கு, "சங்கம் என்னதான் செய்கிறது?" என்று செய்தி வருகிறது. போதாக்குறைக்குக் கூட்டத்தில் ஒருவர், "நீங்க வாடகைக்கு இருக்கிறவங்கதானே, நாளைக்கே காலி பண்ணிடுவீங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அம்மா விட்டுவிடு என்கிறாள். விட்டுவிடலாமா ஐயா?

க., சென்னை

அன்புள்ள க.,

விடாதீர்கள். ஆனால் இப்போது செய்கிற விதத்தில் ஒன்றை மாற்ற வேண்டும்.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருச் சங்கத்துக்கு நான் 9 வருடம் செயலாளராக இருந்தேன். பொருளாளர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். தெருவுக்கே அவர் டீச்சர். மாதச் சந்தா 50 ரூபாய். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் ரசீது புத்தகமும் கார்பன் தாளும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வீட்டில் 10 நிமிஷம், இன்னொரு வீட்டில் அரை மணி. முடிக்க மூன்று ஞாயிறு ஆகும். "வருஷத்துக்கு ஒரு தடவை 600 ரூபாயா வாங்கிடலாமே டீச்சர்" என்றேன். "அப்போ அவங்களை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன்" என்றார். அன்றைக்கு அதை வயதானவர்களின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

2015 டிசம்பர் 1. அன்றைய மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டுவதற்குள் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. டீச்சர் மாடிப்படியில் டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூலை வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர், பையன் வெளிநாட்டில். அதற்கு எதிரே பின்கட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி, குடிவந்தே மூன்று மாதம்தான். கட்டிக்கொண்டிருந்த அடுக்ககத்தின் தகரக் கொட்டகையில் வாட்ச்மேன் குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள். ரசீது புத்தகத்தின் பின்னட்டையில் நான் எழுதிக்கொண்டேன். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். என்னைத் தவிர மற்ற மூவரும் தெருக்கோடி வீட்டில் வாடகைக்கு இருந்த கல்லூரிப் பையன்கள். "பேச்சலர்களுக்கு வீடு விடக் கூடாது" என்று அதே வருடம் சங்கக் கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அதனால்தான் உங்களிடம் அந்த ஆள் கேட்ட கேள்வி என்னை உறுத்துகிறது. சங்கத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் என்றால் அங்கே குடியிருக்கிறவர்கள். சொந்த வீட்டுக்காரர் என்று அதில் எங்கே இருக்கிறது? தண்ணீர் வரும்போது பத்திரத்தைப் பார்த்துவிட்டா வருகிறது? உங்கள் சங்கம் 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால், அதன் துணைவிதிகளை வாங்கிப் படியுங்கள். உறுப்பினர் யார் என்று அதில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இடமில்லை என்றிருந்தால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவந்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யலாம். ஒரே கூட்டத்தில் நடந்துவிடாது. பரவாயில்லை, பேச்சை ஆரம்பித்து வையுங்கள்.

ஜிபே வசதியான விஷயம்தான், இருக்கட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியேறுங்கள். பணம் ஏற்கெனவே கட்டியவர் வீட்டுக்கும் போய் ரசீதைக் கையில் கொடுங்கள். ராத்திரி 11 மணிக்குத் திட்டுகிறவர் உங்களுக்குக் காபி கொடுப்பார். அப்புறம் அவரால் அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியாது. குழுவை மட்டும் ராத்திரி 9 மணிக்கு மேல் திறக்காதீர்கள். வேலைக்குப் போகிற பெண், தூங்க வேண்டும்.

9 பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். எங்கள் கூட்டத்துக்கு 6 பேர் வந்த மாதமெல்லாம் உண்டு. "தன்னார்வலர்கள் தேவை" என்று குழுவில் போட்டால் கட்டைவிரல் படம்தான் வரும். "சார், சனிக்கிழமை காலையில் 7 மணிக்கு உங்க வீட்டு வாசலில் இருந்து அந்த முனை வரைக்கும் வடிகால் வாயெல்லாம் அடைச்சிருக்கான்னு என்கூட வந்து பார்க்க முடியுமா? அரை மணி நேரம்தான்" என்று நேரில் கேளுங்கள். வருவார். இன்ன நாள், இன்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும், இது தெரிந்தால் நம் ஆட்கள் வருவார்கள். சேவை என்று பொதுவாகக் கூப்பிட்டால் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறார்கள்.

வடிகால் வேலையைச் செப்டம்பருக்குள் பார்த்துவிடுங்கள். சாலைத் தண்ணீர் இறங்கும் கம்பித் தடுப்பில்தான் முக்கால்வாசிச் சிக்கல்: இலைச் சருகு, பிளாஸ்டிக் கவர், கட்டட வேலையில் மிஞ்சிய மணல். படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தூர் வாரினால் அள்ளிய சேற்றை அன்றைக்கே எடுத்துப் போகச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். ஓரமாகக் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் போகும். நாமே இறங்கிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது உற்சாகமாகக் கிளம்பினாலும், ஆள் பிடித்து இறக்கலாம் என்று சொன்னாலும் கண்டிப்பாகத் தடுங்கள். விஷவாயு தாக்கி எத்தனை பேர் போயிருக்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

2022-இலிருந்து நகரங்களிலும் கிராமசபை மாதிரி ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் வார்டில் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் விசாரித்து, அந்த நோட்டோடு போங்கள். "எங்க தெருவுல தண்ணி நிக்குது" என்பதற்கும், மூன்று புகார் எண்களைத் தேதியோடு படிப்பதற்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

கூட்டத்தில் உங்களைக் கேட்டாரே, அவர் வீட்டுக்கு முதல் சுற்றிலேயே போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அந்த மூன்று பெரியவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்டவர் வீட்டில் யாருக்காவது நடமாட முடியாதா, ராத்திரியில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதுவும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அக்டோபரில் மழை வந்துவிடும்.

அன்புடன்