கடைக்காரர் கொடுத்த கன்வெர்ட்டரால் ஆம்ப்ளிஃபையர் கருகிவிட்டது, இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் பல வருடங்கள் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிவிட்டோம். அங்கே வாங்கிய ஆம்ப்ளிஃபையரையும் ரெக்கார்டு பிளேயரையும் கொண்டுவந்தேன். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தது. அதைப் படம் எடுத்து ஒரு கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நம்மூர் மின்சாரத்தை இதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கருவியைக் கேட்டேன். உள்ளங்கையளவு கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்து, "1,600 வாட், எதையும் தாங்கும் சார்" என்றார். போட்ட அன்றே ஆம்ப்ளிஃபையர் புகைந்து நின்றுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். உங்களிடம் இருப்பதில் பெரிய ஆதாரம் அந்த வாட்ஸ்அப் செய்திதான். இன்னது வேண்டும், இன்னதற்காக வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 சொல்வது. நீங்களாக ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் இந்த வாதம் பலவீனமாகியிருக்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் பக்கம்தான். விற்பவர் எந்த வகையில் உறுதி சொல்லியிருந்தாலும், பொருள் அந்தத் தரத்தில் இல்லையென்றால் அது குறைபாடு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் அச்சடித்த வரி அதை மீற முடியாது.

அந்த அளவில் 1,600 வாட் என்று போட்டு வருபவை பெரும்பாலும் ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாகும் சாதனங்களுக்கானவை. மின் அலையை வெட்டி வெட்டி அனுப்புபவை, ஆம்ப்ளிஃபையருக்கு ஆகாது. அட்டைப்பெட்டியிலோ உள்ளிருக்கும் சீட்டிலோ 'எலெக்ட்ரானிக் சாதனங்களுக்கு அல்ல' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், "படித்துப் பார்த்திருக்கலாமே" என்பார் கடைக்காரர். ஆம்ப்ளிஃபையரின் படத்தைப் பார்த்த பிறகும் அதையே எடுத்துக் கொடுத்தவர் அவர் என்பதுதான் நம் பதில்.

அவர் அடுத்துச் சொல்லப்போவது, "கப்பலில் வரும்போதே கெட்டிருக்கும்" என்பது. ஆகவே தயவுசெய்து மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். கன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் அப்படியே வையுங்கள். விஷயம் நுகர்வோர் ஆணையம் வரை போனால், தேவைப்பட்டால் அவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரலாம். இங்கே வந்ததும் சத்தம் வந்த வீடியோ ஏதாவது போனில் இருந்தால் அழிக்காதீர்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள்; பல கடைகள் அந்த அழைப்பிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கன்வெர்ட்டரின் விலை, ஆம்ப்ளிஃபையரின் இன்றைய மதிப்பு, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவ்வளவு கேளுங்கள். புதிதின் விலையைக் கேட்டால் மனுவின் நம்பகத்தன்மை குறையும்.

ஆம்ப்ளிஃபையர் கம்பெனி மேல் போக வழியில்லை. 120 வோல்ட் என்று தெளிவாக எழுதித்தான் விற்றிருக்கிறார்கள்.

அப்புறம், ரெக்கார்டு பிளேயரை இப்போதைக்கு இணைக்க வேண்டாம். அடாப்டரில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 வோல்ட் மட்டும் என்றால், சாதனத்தின் வாட் அளவைவிட ஒன்றரை மடங்காவது தாங்கும், எர்த் உள்ள, காயில் சுற்றிய கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் வோல்ட்டைத்தான் குறைக்கும், நம்மூர் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சார அலையை வைத்து வேகம் பிடிக்கும் பழைய மோட்டார் என்றால் இசைத்தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். இந்த முறை பில்லிலேயே 'இன்ன மாடல் ரெக்கார்டு பிளேயருக்காக' என்று எழுதி வாங்குங்கள்.