பெரியப்பா சொல்லும் எம்.டி.யும் மகளுக்குக் கிடைத்த டி.ஓ.வும்

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஓர் அம்மா போன வாரம் அழைத்தார். மகள் ரட்கர்ஸில் உயிரியல் முடித்தவள். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 506. இருபத்திரண்டு எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் இரண்டு நேர்காணல், ஒரு காத்திருப்புப் பட்டியல். அதுவும் நகரவில்லை. கையில் இருப்பது ஒரே ஓர் இடம், ஒரு டி.ஓ. கல்லூரியில். ஹூஸ்டனில் இதய மருத்துவராக இருக்கும் பெரியப்பா, "அது எலும்பு நீவுற படிப்பு. பேசாம கரீபியன் தீவுல எம்.டி. முடிச்சிட்டு வரட்டும்" என்கிறார். திருச்சியில் தாத்தா, "புத்தூர் கட்டு மாதிரியா?" என்று கேட்டாராம். முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்.

ஐந்து நிமிடம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த வீட்டில் எதற்கு ஆறுதல்? அவருடைய அனுமதியோடு, அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் பெயர்க் குழப்பம். ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே படிப்பது. அமெரிக்காவில் அது அடிப்படை மருத்துவப் பட்டம். டி.ஓ.வும், அதாவது ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டமும், அதே படியில் நிற்கும் இன்னொரு பட்டம். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். நீங்கள் இணையத்தில் தேடிப் பயந்தது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஆஸ்டியோபத்களைப் பார்த்து. அவர்கள் மருத்துவர்கள் அல்ல, கையால் நீவிச் சரிசெய்பவர்கள். பெயர் ஒன்று, தொழில் வேறு. அதிபர் பைடனுக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானர் ஒரு டி.ஓ. அவருக்கு முன் டிரம்ப்புக்கு கோவிட் வந்தபோது மருத்துவராக இருந்த ஷான் கான்லியும் டி.ஓ.தான்.

பெரியப்பாவுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். 1962இல் கலிஃபோர்னியாவில் இரண்டு மருத்துவச் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்தபோது, 65 டாலர் கட்டிய சுமார் 2,000 டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்தார்கள். காலையில் டி.ஓ.வாகப் பார்த்த நோயாளியை மாலையில் எம்.டி.யாகப் பார்த்திருக்கலாம். அந்த இரண்டு எழுத்தின் அன்றைய விலை 65 டாலர். இன்று அதற்காகத் தீவுக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அவர் கெட்டவர் இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்து கஷ்டப்பட்டு மேலே வந்தவர், தனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறார். ஆனால் வழி மாறிவிட்டது. 2020இலிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சி, ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்'சில், 2024இல் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் இடம் பெற்றார்கள். எம்.டி. மாணவர்களில் 93.5. வெளிநாட்டில், அதாவது கரீபியன் உட்பட, படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் 67. இதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: பாதியில் கழன்றவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தீவுக் கல்லூரி ஏஜெண்ட் பேசினால், "முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டுக்கு வந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

மறுபடி எம்கேட் எழுதுவது, முதுநிலைப் படிப்பில் சேர்ந்து மதிப்பெண் கூட்டுவது, செவிலியம் இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேச விரும்புவது, உங்கள் வீட்டில் யாருமே கேட்காத ஒன்றைப் பற்றி. அந்தக் கல்லூரியில் உங்கள் மகளின் ஒரு நாள் எப்படிப் போகும்?

முதலாண்டு என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கும்போதே கையில் ஃபோன், ஆங்கி செயலியில் நினைவட்டைகள். நேற்றுத் தள்ளிவைத்ததும் இன்று சேர்ந்ததுமாக நானூறு, ஐந்நூறு நிற்கும். எட்டு மணிக்கு வகுப்பு. கட்டாயமில்லாத வகுப்பென்றால் பாதி இருக்கை காலி. வீட்டிலிருந்தே பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பார்கள். இதைச் சொன்னால் நம் அப்பாக்கள் "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்பார்கள். நியாயமான கேள்விதான், எம்.டி. கல்லூரியிலும் கேட்கலாம். பத்து மணிக்கு அனாட்டமி லேப். தானமாக வந்த ஓர் உடல், சுற்றி ஐந்தாறு பேர். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அந்த வாடை போகாது என்று எல்லாரும் சொல்வார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நோயியல் என்று எம்.டி. மாணவர் படிப்பது அத்தனையும் இங்கேயும் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய பரீட்சை.

மதியம்தான் வேறுபாடு. வாரத்தில் ஒரு நாள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கைமுறைச் சிகிச்சை லேப். பெரிய கூடம். வரிசையாக மெத்தை போட்ட மேசைகள். இருவர் இருவராக ஜோடி. எல்லாரும் அரைக்கால் சட்டையிலும் கையில்லா பனியனிலும் இருப்பார்கள், முதுகெலும்பைப் பார்க்காமல் எப்படிப் படிப்பது? (தயக்கம் இருந்தால் பெண் ஜோடி வேண்டும் என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லலாம்.) பத்து நிமிடம் நீ நோயாளி, அப்புறம் நான் நோயாளி.

தொடக்கத்தில் சிகிச்சையே கிடையாது, தொட்டுப் பார்ப்பது மட்டும்தான். ஒரு தாளுக்கு அடியில் ஒற்றைத் தலைமுடியை வைத்து, மேலே விரலை ஓட்டி அது எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கிடைத்துவிட்டால் இரண்டாவது தாள், மூன்றாவது தாள். விரலுக்குப் பொறுமை வந்தபின் மனித முதுகு. இந்த இடத்தில் தசை இறுகியிருக்கிறதா, இரு பக்கமும் சமமா, அசைவு எங்கே தடைபடுகிறது, எங்கே அழுத்தினால் வலிக்கிறது. இந்த நான்கையும் கேட்டுக் கேட்டு, ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு எந்தப் பக்கம் திரும்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். முதல் மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாதிப் பேர் ஊகித்துத்தான் எழுதுவார்கள், வாத்தியாருக்கும் அது தெரியும்.

அப்புறம் சிகிச்சை முறைகள். வலிக்கும் புள்ளியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அந்தத் தசை தளரும்படி உடலை மடக்கி, தொண்ணூறு விநாடி அசையாமல் பிடித்து, மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. நோயாளி தள்ள, மருத்துவர் எதிர்த்துப் பிடிக்க, சில விநாடி கழித்துத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் நகர்த்துவது இன்னொன்று. சட்டென்று ஒரு சிறு தள்ளல் கொடுத்து 'டக்'கென்று ஒலி வரச் செய்வதும் உண்டு. நம் ஊர் சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அது நினைவுக்கு வரும். இங்கே சொடக்கைவிட, யாருக்கு அதைச் செய்யவே கூடாது என்பதுதான் பெரிய பாடம். முடக்குவாதம் உள்ளவரின் கழுத்தில் கை வைக்கப் போனால் பரீட்சையில் அங்கேயே தீர்ந்தது.

படிப்பு முடிவதற்குள் இப்படி 200 மணி நேர அளவுக்குப் பயிற்சி. எல்லாமே ஆதாரம் உள்ளவை என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பு வலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவைக் கையால் உணர்வது என்ற பகுதியை மாணவர்களே நம்பாமல் சிரிப்பார்கள், பரீட்சைக்காகப் படிப்பார்கள். ரெசிடென்சி முடித்தபின் இதைத் தினமும் பயன்படுத்துகிற டி.ஓ.க்கள் குறைவு. ஆனாலும் முதலாண்டிலிருந்தே இன்னொருவர் உடம்பைக் கூசாமல், அவரையும் கூசவைக்காமல் தொடப் பழகியவர்கள் மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் நுழையும்போது தெரிந்துவிடும். இந்தப் படிப்பை 1892இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், மூளைக்காய்ச்சலில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த மருத்துவர். அன்றைய மருந்துகள் மீது நம்பிக்கை இழந்து கைக்குத் திரும்பினார். மருந்து விஷயத்தில் அவர் சொன்னதைக் கல்லூரிகள் எப்போதோ விட்டுவிட்டன, கையை மட்டும் விடவில்லை.

இரவு சமைக்க நேரமிருக்காது. நீங்கள் உறையவைத்து அனுப்பும் சாம்பாரும் ஒரு ரைஸ் குக்கரும் போதும். பதினொன்றுக்குப் படுத்தால் நல்ல நாள்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. டி.ஓ. மாணவர்களுக்கு மருத்துவ உரிமம் பெற கோம்லெக்ஸ் என்ற தனித் தேர்வு. போட்டி அதிகமுள்ள பிரிவு வேண்டுமென்றால் பலர் எம்.டி. மாணவர்களுக்கான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள். இரட்டைப் படிப்பு, இரட்டைக் கட்டணம். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மூன்றாம் ஆண்டு ரொட்டேஷனுக்கு, அதாவது துறை துறையாக மருத்துவமனைப் பயிற்சிக்கு, பெட்டி கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு, சிலருக்கு வேறு மாநிலத்துக்கே போக வேண்டியிருக்கும். எங்கே, எத்தனை முறை என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோல் மருத்துவம், நரம்பு அறுவை போன்றவற்றில் டி.ஓ.வுக்கு வாசல் இன்றும் குறுகல்தான். பேச்சில் 'டெர்மட்டாலஜி' என்று நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

உங்கள் மகள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அவளிடம் தனியாக இருபது நிமிடம் பேசினேன். ஒரு குடும்ப மருத்துவரிடம் குறிப்பெடுக்கும் வேலை பார்த்த இரண்டு ஆண்டைப் பற்றித்தான் பேச்சு. தோளைத் தூக்க முடியாத ஒரு பாட்டி, ஆறு வாரம் கழித்து வந்து தானே கொண்டை போட்டுக் காட்டியதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. நடுவில் நீங்கள் ஃபோனை வாங்கி, "அதெல்லாம் இருக்கட்டும், ரேங்கிங் எப்படி?" என்றீர்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இனிப் பணம். இதில் நான் கறார். தனியார் டி.ஓ. கல்லூரியில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி வரும். வாடகை, சாப்பாடு, காப்பீடு, தேர்வுச் செலவு சேர்த்தால் 90,000 ஆகிவிடும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். மீதி 40,000 ஆண்டுதோறும் எங்கிருந்து வரும் என்று காகிதத்தில் எழுதாமல் முன்பணம் கட்டாதீர்கள். ரெசிடென்சியில் அவளுக்கு வரப்போவது அறுபது, எழுபதாயிரம்தான்.

ஓய்வூதியச் சேமிப்பை எடுப்பேன், வீட்டின் மீது கடன் வாங்குவேன் என்றார் உங்கள் கணவர். வேண்டாம். அவருக்கு வயது ஐம்பத்தாறு. தனியார் வங்கிக் கடன் மிகமிகப் பெரிதாக வருமென்றால் இந்த ஆண்டு இடத்தையே விட்டுவிட்டு, அடுத்த சுற்றில் அரசு டி.ஓ. கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதை நான் எதிர்க்கமாட்டேன். உங்கள் மாநிலத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோவன் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது, மாநிலவாசிக்குக் கட்டணம் குறைவு. அவள் குடிமகள் என்பதால் ராணுவ மருத்துவ உதவித்தொகையும் உண்டு: முழுக் கட்டணமும் மாதப் படியும் கொடுத்து, பதிலுக்குப் படிப்பு முடிந்தபின் சில ஆண்டுப் பணி கேட்பார்கள். ஆனால் அதில் கையெழுத்துப் போட வேண்டியது அவள். "சேர்ந்துடு, எல்லாம் சரியாகிடும்" என்று யாரும் தள்ளக் கூடாது.

இந்த வாரம் கல்லூரிக்கு எழுதி, கைமுறைச் சிகிச்சை லேப் நடக்கும் ஒரு மதியத்தில் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவள் உள்ளே இருக்கட்டும், நீங்கள் காரில் இருங்கள். முடிந்தால் ஓர் இரண்டாமாண்டு மாணவியோடு அவள் காபி குடித்துவிட்டு வரட்டும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என்னை அழையுங்கள், செலவுத் தாளும் கையில் இருக்கட்டும். உங்கள் மகளும் கணவரும் லைனில் இருக்கலாம். பெரியப்பா வேண்டாம்.