ஐபி முகவரி கையில் இருக்கிறது, சர்வர் எது?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் ஆகிய மூன்று கிளவுட்களிலும் (இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் சேவைகள்) கணக்கு உண்டு. எங்கள் சர்வர் ஒன்று வேறொருவரின் தளத்தில் இடைவிடாமல் லாகின் முயற்சி செய்வதாக ஒரு ஐபி முகவரியோடு புகார் வந்திருக்கிறது. எங்கள் சர்வர் பட்டியலில் அந்த முகவரியே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் புகார் கொடுத்தவரிடம் சம்பவம் நடந்த நேரத்தை, டைம் சோனோடு கேட்டு வாங்குங்கள். நிலையான முகவரி ஒதுக்காத கிளவுட் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் பெரும்பாலும் ஐபி மாறிவிடும். பழைய ஐபி வேறு யாருக்காவது போய்விடும். நேரம் தெரியாமல் தேடினால், ஒரு பாவமும் அறியாத சர்வரை நிறுத்திவிட்டு வந்து நிற்பீர்கள்.

அடுத்து, எந்த கிளவுட் என்று பார்க்க வேண்டும். ஹூயிஸ் (whois) தேடல் முகவரித் தொகுதியின் உரிமையாளரைச் சொல்லும். அதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று நிறுவனங்களுமே தங்கள் ஐபி வரம்புகளை ஜேசான் (JSON) என்ற உரை வடிவக் கோப்பாக வெளியிடுகின்றன. அமேசானின் கோப்பில் ஒவ்வொரு வரம்புக்கும் பக்கத்திலேயே ரீஜனும் (சர்வர் இருக்கும் பகுதி) சேவையின் பெயரும் இருக்கும். கூகுளில் கோப்புகள் இரண்டு. வாடிக்கையாளர்களின் சர்வர்களுக்கு உரியது 'கிளவுட்' என்று பெயர் கொண்டது. ஐபியைக் கொடுத்து அதன் பெயரைக் கேட்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் கை கொடுக்கும்: அமேசான் சர்வர் என்றால் பெயர் 'ஈசி2' (அமேசானின் சர்வர் சேவை) என்று தொடங்கி, ஐபியின் எண்கள் கோடு போட்டு வர, பின்னால் 'இயு-வெஸ்ட்-1' போல ரீஜன் நிற்கும். அது அயர்லாந்து.

இந்த ரீஜன்தான் உங்களுக்கு முக்கியம். அமேசான் கன்சோலில் ஈசி2 பக்கம் ரீஜன் வாரியாகத்தான் காட்டும். தப்பான ரீஜனில் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சரியான ரீஜனுக்குப் போனதும் இன்ஸ்டன்ஸ் (சர்வர்) பட்டியலை விட்டுவிட்டு 'நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்' பக்கத்தில் அந்த ஐபியைத் தேடுங்கள். பொது முகவரி சர்வரிடம் இல்லாமல், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரிடமோ, சர்வர்கள் இணையத்துக்கு வெளியே போகும் பொது வாசலான நேட் கேட்வேயிடமோ இருக்கலாம். அங்கே விவரக் குறிப்பில் அது எழுதியிருக்கும். உங்கள் பட்டியலில் முகவரி இல்லாததற்குக் காரணம் நேட் கேட்வேயாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். அப்படியானால் பல சர்வர்கள் அந்த ஒரே முகவரியில்தான் வெளியே போகும். எது தொல்லை கொடுத்தது என்பதை விபிசி (கிளவுட்டில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) ஃப்ளோ லாகில், அதாவது எந்த முகவரி எதோடு பேசியது என்ற பதிவில், அந்த நேரத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஃப்ளோ லாக் முன்பே இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே இயக்குங்கள், தொல்லை தொடர்ந்தால் பிடிபடும்.

கூகுளில் வேலை எளிது: விபிசி நெட்வொர்க்கின் ஐபி முகவரிகள் பக்கம் தற்காலிக முகவரிகளையும் சேர்த்து, யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும். ஆனால் ஒவ்வொரு புராஜெக்டாகப் பார்க்க வேண்டும். அஷூரில் ரிசோர்ஸ் கிராஃப் என்ற தேடல் கருவியில் கேட்டால் உங்களுக்கு அனுமதி உள்ள எல்லா சந்தாக்களிலும் ஒரே தடவையில் தேடிவிடலாம்.

எங்குமே கிடைக்கவில்லையா? சர்வரை யாராவது நீக்கியிருக்கலாம். அமேசானில் கிளவுட்டிரெயில் என்ற பதிவேடு உங்கள் கணக்கில் நடந்த 90 நாள் நிகழ்வுகளை வைத்திருக்கும். புகார் நேரத்துக்குப் பிறகு நீக்கப்பட்டவற்றையும், கைமாறிய எலாஸ்டிக் ஐபிகளையும் (அமேசானின் நிலையான முகவரிகள்) அதில் பாருங்கள்.