கோலாலம்பூரில் விலங்குகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க

தங்கச்சி, பிரிக்பீல்ட்ஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம், ஆறு வயது மகள் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் விலங்குகளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்கிறாள், ஒரே நாளில் போய்வர எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கேயே தங்கிப் பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் குவாலா கண்டாவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அது பகாங் மாநிலத்தில், லஞ்சாங் பக்கத்தில் இருக்கும் தேசிய யானைப் பாதுகாப்பு மையம். 1989-இல் தொடங்கியது. வனவிலங்குத் துறையே, அதாவது இங்கே எல்லாரும் சொல்லும் பெர்ஹிலித்தான்தான், நடத்துகிறது. வேடிக்கை காட்டுவதற்காக வந்த இடமில்லை. காட்டை அழித்துச் செம்பனைத் தோட்டம் போட்ட இடங்களில் யானைகள் செம்பனையின் இளஞ்செடிகளைத் தின்ன வரும். அப்படி வரும் யானைகளைப் பிடித்து, தமான் நெகாரா போன்ற பெரிய காடுகளில் கொண்டுபோய் விடுவதற்கென்று துறை 1974-லேயே ஒரு குழுவை அமைத்தது. மயக்க ஊசி போட்ட காட்டு யானையை, பழக்கிய யானைகள் அணைத்துக்கொண்டு நடத்தி வந்து லாரியில் ஏற்றும். நம்மூரில் முதுமலை, டாப்சிலிப் கும்கிகள் செய்கிற அதே வேலை. அந்தப் பழக்கிய யானைகளும், தாயைப் பிரிந்து தவித்து மீட்கப்பட்ட குட்டிகளும்தான் மையத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் போகிற வழியில் காரிலேயே மகளுக்குக் கதையாகச் சொல்லிவிடுங்கள். நேரில் பார்க்கும்போது அவள் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

அங்கே நாமே யானைக்குப் பழமும் கரும்பும் ஊட்டலாம். கோவில் வாசலில் காசு கொடுத்து ஆசி வாங்கிப் பழகிய நமக்கு இது வேறு அனுபவம். பப்பாளித் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்லுங்கள். துதிக்கை நேராக எடுத்துவிடாது. முதலில் மணிக்கட்டு வரை ஒருமுறை முகர்ந்து பார்க்கும், ஈரமான வெதுவெதுப்பான மூச்சு படும். அதன் நுனியைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிய யானைக்கு அங்கே விரல் போல ஒரே ஒரு முனை, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அந்த ஒற்றை விரலால் துண்டை மடக்கிப் பிடித்து, ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல் வாய்க்குள் கொண்டுபோகும். என் மகன் பயந்து கையை இழுத்துக்கொண்டான். அந்த யானை துதிக்கையை நீட்டியபடியே காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பொறுமையை நான் எந்த மிருகக்காட்சிச்சாலையிலும் பார்த்ததில்லை.

காராக் நெடுஞ்சாலையில் ஏறிப் போனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கிராப் வாடகைக் காரில் போய்விடாதீர்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். தெரிந்தவர்கள் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடிப்பது நல்லது. பள்ளி விடுமுறை நாட்களைத் தவிருங்கள். எங்காவது யானை மேல் சவாரி என்று பலகை தொங்கினால் எனக்காக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாத வாரங்களில் கோலாலம்பூர் பறவைப் பூங்கா இருக்கிறது. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான். ஏறக்குறைய 21 ஏக்கர், பெரும்பகுதிக்கு ஒரே வலைக்கூரை. பறவைகள் அதற்குள் இஷ்டப்படி திரியும், மயில் நம் காலோடு நடந்து வரும். இருவாட்சிக்குத் தீனி கொடுக்கும் நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் கழுத்து வலிக்க அண்ணாந்து தேடும் பறவை, இங்கே கண்ணுக்கு நேரே கிளையில் உட்கார்ந்து பழத்தை மேலே தூக்கிப் போட்டு விழுங்கும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் ஃபார்ம் இன் த சிட்டியில் முயல், ஆமை, மான், கிளி எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் தீனி கொடுக்கலாம். உங்கள் மகள் வயதுக்குப் பிடிக்கும். எனக்கு அங்கே கூட்டமான நாளில் அந்தப் பிராணிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அதனால் காலையில் திறந்ததும் போய்விடுங்கள். உலு கிளாங்கில் ஜூ நெகாரா என்ற தேசிய மிருகக்காட்சிச்சாலை 1963-லிருந்து இருக்கிறது, பெரியது, ஆனால் நீங்கள் கேட்கும் நெருக்கம் அங்கே குறைவு. மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குக் கூடுதல் விலை. வேலை பாஸில் இருக்கும் உங்களுக்கு எது என்று நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பத்துமலைக்குப் போவீர்கள், 272 படி ஏறும்போது குரங்குகள் மிக நெருக்கத்தில் வரும். அனுமார் என்று வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் நம் ஆட்களே அதிகம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தாலே பிடுங்கும், குழந்தை என்றும் பார்க்காது. அர்ச்சனைத் தட்டையும் பழத்தையும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். கீறியோ கடித்தோ விட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

அடுத்த மாதம் மாமியார் வருகிறார்கள் என்றீர்களே, அவர்கள் வந்த பிறகே குவாலா கண்டாவுக்குப் போங்கள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை துணிச்சலாகப் பழத்தை நீட்டுவாள்.