ஆறாத புண்ணில் கத்தி பட்டால் புற்று பரவுமா?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் பெரியம்மாவுக்கு வயது 56. முக்கூடலில் சிறு வயது முதலே பீடி சுற்றி வருகிறார். சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால், கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்ட பிறகுதான் கை வேலையில் ஓடும். நான்கு மாதங்களாக இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறது. சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். புண் சிவந்து வீங்கும் அழற்சி வேறு, புற்று வேறுதானே? பரவுவது எதனால்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சதைப் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளச் சொல்லுங்கள். வாயில் ஒரு புண் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாவிட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியம்மாவுக்கு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தில் மிகச் சிறிய துணுக்கு ஒன்றை எடுப்பார்கள். விதைப்பை போன்ற சில உறுப்புகளில், புற்று பரவலாம் என்று மருத்துவர்களே ஊசி குத்துவதைத் தவிர்ப்பதுண்டு. வாய்ப்புண் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அழற்சி வேறு, புற்று வேறு என்று பிரித்துவிட முடியாது. புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் நாள்தோறும் ஒரே இடத்தை அரிக்கும்போது, அந்தக் காயத்தை ஆற்றுவதற்காக வெள்ளையணுக்கள் வந்து கூடுகின்றன. கிருமிகளைக் கொல்வதற்காக அவை உமிழும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள நம் செல்களின் மரபுப்பொருளையும் சிதைக்கின்றன. இறந்த செல்களுக்கு ஈடாக மிஞ்சியவை விரைந்து பிரிகின்றன. பிரிகிற ஒவ்வொரு முறையும் பிழை நுழைய இடம் கிடைக்கிறது. சாதாரணக் காயமென்றால் சில நாள்களில் மூடிக்கொள்ளும், அழற்சியும் தானே தணிந்துவிடும். ஆனால் மறுநாளும் அதே கன்னத்தில் புகையிலை அடக்கப்படுவதால், இங்கே அது தணிவதற்கு வாய்ப்பே இல்லை. புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் நிறைந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1863-ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்தார். 1986-இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக், புற்றுக்கட்டிகள் ஆறாத புண்கள் என்றே எழுதினார்.

இனி, பரவுவது எப்படி என்று பார்ப்போம். கன்னத்தின் உட்தோலில் உள்ள செல்கள் ஈ-கேடெரின் என்னும் புரதத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியிலுள்ள மெல்லிய சவ்வின்மீது அமர்ந்திருப்பவை. இயல்பான நிலையில் இடம்விட்டு நகராதவை. புற்றைச் சுற்றித் திரண்ட வெள்ளையணுக்களும் அக்கம்பக்கத்துச் செல்களும் டிஎன்எஃப், ஐஎல்-6, டிஜிஎஃப்-பீட்டா முதலிய சமிக்ஞைப் பொருள்களை இடைவிடாது சுரப்பதால், புற்றுச் செல்லுக்குள் ஸ்நெயில், டுவிஸ்ட் எனப்படும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் விழித்தெழுந்து ஈ-கேடெரின் உற்பத்தியை அடக்கிவிடுகின்றன. பிடிப்பு தளர்ந்த செல் நீண்டு மெலிந்து நகரும் தன்மை பெறுகிறது; சில நொதிகளால் அடிச்சவ்வை அரித்து இறங்குகிறது. இது புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தையன்று. கருவில் உறுப்புகள் உருவாகும்போதும் காயம் மூடும்போதும் நம் செல்கள் முறையாகச் செய்து, வேலை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளும் செயல்தான். வாய்ப்புற்றில் பெரும்பாலும் இந்த மாற்றம் பாதியளவில்தான் நடக்கிறது; கட்டியின் விளிம்பிலுள்ள செல்கள் தம் பழைய இயல்பை முற்றிலும் இழக்காமலே ஊடுருவுகின்றன.

அப்படி இறங்கியவை நிணநீர்க் குழாய்கள் வழியாக முதலில் கழுத்துக்குச் செல்வதே வழக்கம். ஆதலால் கழுத்தில் நெறி கட்டியிருப்பதையும் மருத்துவரிடம் மறவாமல் காட்டுங்கள். வெறும் கிருமித்தொற்றாலும் நெறி கட்டலாம். மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரத்தத்தில் கலந்த செல்களெல்லாம் வேரூன்றுவதும் இல்லை. 1970-இல் புற்றுநோய் ஆய்வாளர் ஐசையா ஃபிட்லர் எலிகளின் இரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தபோது, ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல் தேரிக்காட்டு மணலில் விளையாதல்லவா? விதைக்கேற்ற நிலம் அமைந்தால்தான் புற்று முளைக்கும் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-இலேயே எழுதினார். நெடுநாள் அழற்சி அந்த விதைக்கும் துணைபோகிறது, நிலத்தையும் பண்படுத்துகிறது.

கத்தியைப் பற்றிய உறவினர்களின் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். முற்றிய பிறகு அறுவை செய்து, சில மாதங்களில் இறந்தவர்களை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்களைக் கொண்டுபோனது கத்திக்கு முன்பே பரவிவிட்ட நோய். பெரியம்மாவைத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். செலவுக்கு அஞ்சினால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அழற்சிதான் பரவுவதற்குத் துணை என்றால், மெடிக்கலில் கிடைக்கும் வீக்க மாத்திரையோ மஞ்சளோ தினமும் சாப்பிட்டால் போதாதா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: போதாது. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சொற்பமாகவே சேர்கிறது. சமையலில் தாராளமாகச் சேருங்கள், மருந்தாக நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஐஎல்-1 பீட்டா என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற ஊசிமருந்தை, மாரடைப்பு வந்த ஏறத்தாழ 10,000 பேரிடம் சோதித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் குறைந்தது உண்மை. அதே வேளையில் கிருமித்தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். பின்னர் நுரையீரல் புற்று வந்தவர்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வலியையும் வீக்கத்தையும் மறைத்துவிடும். அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்று சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "அதுதான் குணமாகிவிட்டதே" என்று மறுபடியும் பீடி பிடிக்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: சிகிச்சைக்குப் பிறகும் புகைப்பவர்களுக்கு நோய் திரும்புவதும், வாயிலோ நுரையீரலிலோ புதிதாக வேறொரு புற்று வருவதும் அதிகம். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றை அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எலிகளின் நுரையீரலில் வளராமல் உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றுச் செல்கள், தொடர்ந்து புகையிலைப் புகை பட்டதும் விழித்துப் பெருகத் தொடங்கின. புகை மூட்டிய அழற்சியால் வெள்ளையணுக்கள் தம் மரபுப்பொருளையே வலைபோல வீசியெறிய, அதில் ஒட்டியிருந்த நொதிகள் சுற்றியிருந்த புரதத்தை வெட்ட, அந்த வெட்டே உறங்கிய செல்லை எழுப்பியது. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் அப்பா பீடியை நிறுத்துவதற்கு இது ஒன்றே போதும் என்பது என் கருத்து. தனியாக விட முடியவில்லையென்றால், 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, மறுபடியும் பீடி பிடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.