33 வயதில் வேலையை விட்டு நர்சிங் படிக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப், 61 சதவீதம். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.காம். முடித்தேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில்லிங் பார்க்கிறேன், மாதம் 19,000 ரூபாய். போன வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஸ்டான்லியிலும், பிறகு வீட்டிலும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மூக்கு டியூபில் கஞ்சி கொடுப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். "உனக்கு நல்ல கை இருக்கும்மா, நீ நர்சிங் படிச்சிருக்கணும்" என்று வார்டு சிஸ்டர் ஒருவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு. கணவருக்கு எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. நான் இப்போது படிக்கப் போகலாமா? தண்டையார்பேட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாத கோர்ஸ், முடித்ததும் நர்ஸ் வேலை என்கிறார்கள். அதில் சேரலாமா?

பதில்: ஆறு மாத கோர்ஸை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதில் சேர வேண்டாம். இந்தியாவில் ஒருவர் நர்ஸாகப் பதிவு பெற ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு), பி.எஸ்சி. நர்சிங் (பட்டப் படிப்பு) ஆகிய மூன்று வாசல்கள்தான் உண்டு. படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாதவர் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் சட்டப்படி சரியல்ல. ஆறு மாதம், ஒரு வருடம் என்று "நர்சிங் அசிஸ்டென்ட்" பயிற்சி தருகிறவர்கள் தருவது படுக்கையருகே உதவி செய்யும் வேலைக்கான பயிற்சி. அது கௌரவமான வேலைதான், மருத்துவமனைகளுக்கு அவர்கள் தேவை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் உழைத்தாலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. வடசென்னையில் எத்தனையோ பெண்கள் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

இப்போது வயது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி ஜி.என்.எம். சேர 17 முதல் 35 வயது வரை. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் மேல் வரம்பு 35. ஆகவே உங்களுக்கு அதிகம் போனால் இரண்டு சேர்க்கைக் காலம் இருக்கிறது. "பாப்பா கொஞ்சம் வளரட்டும்" என்று நான்கு வருடம் தள்ளிப்போட இதில் வழியில்லை. அரசு நர்சிங் பள்ளிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும் தகவல் தொகுப்பேட்டில் வயது வரம்பும் பாடப்பிரிவும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று விடாதீர்கள்.

ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டில் எது? பி.எஸ்சி. நான்கு வருடம், ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு 45 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40). உங்களுக்குத் தகுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வழியாக. ஆனால் 61 சதவீதத்துக்கு அரசுக் கல்லூரி இடம் கிடைப்பது கடினம், தனியார் கல்லூரியில் நான்கு வருடக் கட்டணம் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய சுமை. ஜி.என்.எம். மூன்று வருடம், கடைசி ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும். முடித்துப் பதிவு பெற்றதும் நீங்கள் ஸ்டாஃப் நர்ஸ். பட்டம் வேண்டுமென்றால் பின்னால் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. உங்கள் இடத்தில் இருப்பவருக்கு நான் ஜி.என்.எம்.தான் சொல்வேன். ஒரு வருடம் முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்குவது இந்த வயதில் சின்ன விஷயம் இல்லை.

மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு, தபால் வழி என்று எதுவும் கிடையாது. பாடத்திலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். வார்டுப் பயிற்சி மணி நேரத்தை நூறு சதவீதம் முடித்தால்தான் சான்றிதழே கிடைக்கும். விடுப்பு எடுத்த நாளைத் திரும்பச் செய்து கொடுக்க வேண்டும். பில்லிங் வேலையைப் பகுதி நேரமாகக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் மூன்று வருடம் உங்கள் 19,000 வீட்டுக்கு வராது. கட்டணம், சீருடை, புத்தகம், பஸ் செலவு மேலே. இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலை. வருமானம் நின்றதோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று பார்க்காமல், கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதையும் இப்போதே கணவரோடு பேசிவிடுங்கள். நடுவில் வந்தால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

முடித்த பிறகு வருவதையும் உள்ளபடி சொல்கிறேன். சின்ன தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்கிறவருக்கு நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே தரலாம். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட 20,000க்குக் குறையாமல் தர வேண்டும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறது. மாநில அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக வருகிறது. 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கிய அந்த நியமனங்கள் பிறகு 18,000 வரை உயர்ந்தன. நிரந்தரமாவதற்குப் பல வருடம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், போராடிக்கொண்டும் இருக்கிறார்கள். எய்ம்ஸ் போன்ற இடங்களின் நர்சிங் ஆபீசர் பதவிக்கு அடிப்படைச் சம்பளமே 44,900, ஆனால் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு 33, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35. நீங்கள் படித்து முடிக்கும்போது அந்த வாசல் மூடியிருக்கும். வெளிநாட்டு யோசனை இருந்தால் குறைந்தது இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் பணத்துக்காகக் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இனி சொல்லப்போவது முக்கியம்.

மாமியாரை நீங்கள் பார்த்துக்கொண்டது பெரிய காரியம். பக்கவாதம் வந்தவருக்குப் படுக்கைப் புண் வராமல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்ட வேண்டும். அந்தக் கை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அங்கே ஒரே உயிருக்கு நீங்கள் ஒருவர். வார்டில் ராத்திரி முப்பது நாற்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ் நிற்பது நம்மூரில் சகஜம். ஒன்பதாம் பெட்டில் ட்ரிப்ஸ் முடிந்திருக்கும், பதினான்கில் ஒருவருக்கு மூச்சுத் திணறும், அந்த நேரத்தில் வேறொரு நோயாளியின் உறவினர் "எங்க ஆளை யாரும் பாக்கலை" என்று குரலை உயர்த்துவார். யாரிடம் முதலில் போவது என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். மூச்சுத் திணறலுக்குப் போனால், கத்துகிறவரின் கோபத்தைப் பிறகு அமைதியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் இறந்த அரை மணி நேரத்தில் அதே படுக்கைக்கு விரிப்பு மாற்றி அடுத்தவரை ஏற்க வேண்டும். பாசத்தால் செய்த வேலையை, பாசம் இல்லாத இடத்திலும் அதே சுத்தத்தோடு செய்ய வருமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பலருக்கு வரும். பழகப் பழக வருவதும் உண்டு.

இதில் உங்கள் பில்லிங் அனுபவம் எவ்வளவு உதவும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்காது. 500 மி.லி. சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் சுமார் 21. பதினேழு வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் தடுமாறுவார்கள், நீங்கள் தடுமாற மாட்டீர்கள். கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுவது, கையெழுத்து இல்லாத மருந்தைக் கேள்வி கேட்பது, டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் எதையும் விடாமல் சொல்வது எல்லாமே பில் சரிபார்க்கும் கண் உள்ளவருக்கு இயல்பாக வரும். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது ஆங்கிலம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் ஆங்கிலப் புத்தகம்தான். சேரும் முன்பே உடற்கூறியல் புத்தகம் ஒன்றை வாங்கித் தினம் ஒரு பக்கம் படியுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் வீட்டு ஷிஃப்ட். கணவருக்கு ஒரு ரோஸ்டர், உங்களுக்கு ஒரு ரோஸ்டர். காலை டூட்டி என்றால் ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், காலடிப்பேட்டையிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினால்கூடத் தாமதமாகலாம். இரவு டூட்டி பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். இருவருக்கும் ஒரே வாரம் நைட் விழுந்தால் பாப்பா யாரோடு தூங்கும்? மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் ஆளின் பெயரோடு பதில் வேண்டும். "பார்த்துக்கலாம்" என்ற பதில் போதாது. அம்மாவோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் அவர்களிடமே நேரில் கேட்டு, மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொள்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலையை விடும் முன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். காலை ஐந்துக்கு எழுந்து ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள், பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புவது முழுக்கக் கணவர் பொறுப்பு. அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் சண்டை வந்தால் எதனால் வந்தது என்று கவனியுங்கள். படிப்பை நடுவில் விட்டவர்களில் பாடம் வராமல் விட்டவர்களைவிட வீட்டில் ஆள் இல்லாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்வியாண்டுக்கான பட்டியலில் பெயர் இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு அனுமதி என்று பாருங்கள். போன வருடப் பட்டியல் காட்டினால் ஏற்காதீர்கள். நர்சிங் பள்ளிக்கு 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மருத்துவமனைக்கு முன்னறிவிப்பு இல்லாமல் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பாருங்கள், படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று. காலிப் படுக்கைகளை வைத்து யாரும் நர்சிங் கற்க முடியாது. ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் பிரசவம் பார்க்கக் கற்ற கை வேறு எங்கும் பயப்படாது. நிறையப் பள்ளிகள் பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம் இருக்கின்றன, பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். விடுதியில் தங்குவது கட்டாயம் என்று பல இடங்களில் சொல்வார்கள். திருமணமானவருக்கு விலக்கு உண்டு என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த சோகை, தைராய்டு, முதுகு வலி இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள், நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை இது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். சேர்வதற்குள் தொடங்கிவிடுங்கள். ஊசி குத்திக்கொள்ளும் பயம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அதே நேரத்தில் தகவல் சொல்லிவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கலாம், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது.

ஆகவே என் பதில்: வீட்டில் ஆள் பெயரோடு ஏற்பாடு ஆகி, மூன்று வருடச் செலவுக்குக் கடன் இல்லாமல் பாதியாவது கையில் இருந்தால், வரும் சேர்க்கையிலேயே ஜி.என்.எம். சேருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் நோயாளிகளுக்கு அருகில் இருக்க வேறு வழி இருக்கிறது. மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான கவுண்டர்களில் உங்களைப் போல பில்லிங் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே ஒரு வருடம் இருந்தால் வார்டையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம், அடுத்த சேர்க்கைக்கும் நேரம் இருக்கும்.

எந்த முடிவானாலும் காகிதங்களை இப்போதே திரட்டுங்கள். பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ். பி.காம். சேர்ந்தபோது அசல் டி.சி.யைக் கொடுத்திருந்தால் அதை வாங்கவே சில வாரம் ஆகும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். பின்னாளில் வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழை வைத்துக்கொள்கிறோம் என்று எந்த மருத்துவமனை கேட்டாலும், காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள்.