ஐந்து பேரில் ஒருவருக்கு நோய், அது நான்தானா?

கேள்வி: வயது 28. கணவர் ஆழ்கடல் படகில் தொழில் செய்கிறார். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். திருமணமாகி மூன்று ஆண்டாகியும் குழந்தை இல்லை. செலவு குறையும் என்று ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து பால்வினை நோய்ப் பரிசோதனை செய்தார்கள். கலவையில் கிளமிடியா இருக்கிறதாம். பிறர் நோய் என் கணக்கில் ஏறிவிடுமா? வெள்ளைப்படுதல், முடி கொட்டுதல், முதுகுவலி எல்லாம் இருக்கின்றன. இணையத்தில் படித்துவிட்டு டாக்சிசைக்ளின் நான்கு மாத்திரை சாப்பிட்டேன். மாதவிடாய் 12 நாள் தள்ளிப்போயிருக்கிறது, இடது அடிவயிற்றில் குத்துகிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், அம்மா. இதைப் படித்ததும் மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒன்று வாங்குங்கள். இரண்டு கோடு விழுந்தால் இன்றே ஸ்கேன். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கிளமிடியா சத்தமில்லாமல் கருக்குழாயைத் தழும்பாக்கிவிடும். அப்படிப்பட்ட குழாயில் கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிடலாம். அது வளர்ந்து குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வலி திடீரென்று கூடினாலோ, தோள்பட்டை வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அட்டை, ஸ்கேன் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு கோடுதான் விழுந்தது என்றாலும், வலி இருக்கும்வரை மருத்துவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். குழாயில் கிருமித் தொற்று இருந்தாலும் இப்படித்தான் குத்தும்.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. முதுகுவலியைப் பிறகு பார்க்கலாம். வெள்ளைப்படுதலை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்தக் கலவை. ஐந்து வீட்டுப் பாலில் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரே பாத்திரத்தில் காய்ச்சுகிறோம் என்று வையுங்கள். திரியவில்லையென்றால் ஐந்தும் நல்ல பால். திரிந்தால் எந்த வீட்டுப் பால் என்று தனித்தனியாகக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். உங்கள் மாதிரியில் மிச்சம் வைத்திருப்பதைத்தான் இப்போது தனியாகப் பார்க்கிறார்கள். பிறர் நோய் உங்கள் கணக்கில் ஏறாது. 1943-இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர், படையில் சேர வந்தவர்களுக்குச் சிபிலிஸ் பார்க்கச் சொன்ன யோசனை இது. கொரோனா காலத்தில் நம் ஊரிலும் கையாண்டார்கள். நூறு பேரில் இருவருக்கு நோய் என்றால் முதல் சுற்றில் 20 பரிசோதனை, பிறகு அதிகம் போனால் 10. நூறு செய்ய வேண்டிய இடத்தில் முப்பதோடு முடிந்துவிடும். நோய் பரவலாக இருக்கும் கூட்டத்தில் இந்த லாபம் கிடைக்காது. கலக்கும்போது கிருமியின் அளவு நீர்த்துப்போவதால் மிகக் குறைந்த தொற்று அபூர்வமாகத் தப்பவும் கூடும். மற்றபடி மலிவு என்பதற்காக மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அவர் கடலுக்குப் போகும் நாட்களை எதற்காக எழுதினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. உங்களுக்கே நோய் உறுதியானாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கிளமிடியா மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில்கூட அறிகுறியில்லாமல் கிடக்கும். பெரும்பாலான பெண்களுக்குத் தெரியவே தெரியாது, ஆண்கள் பலருக்கும் அப்படித்தான். ஆகவே அறிக்கையைக் குற்றப்பத்திரிகையாக நீட்டாதீர்கள். நோய் உறுதியானால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். இருவரும் மருந்தை முடித்து ஏழு நாள் ஆகும்வரை தாம்பத்தியம் கூடாது. அவர் கடலில் இருக்கும்போது நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டால், கரைக்கு வந்ததும் மறுபடி தொற்றிக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து இருவரும் மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

எனக்குக் கோபம் அந்த மாத்திரை மீதுதான். டாக்சிசைக்ளின் கிளமிடியாவுக்கு உரிய மருந்துதான், ஆனால் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. அதற்கு வேறு மருந்து இருக்கிறது. மாதவிடாய் தள்ளியிருக்கும் பெண், கைப்பேசியில் படித்ததை நம்பி அதை விழுங்கலாமா? நான்கு மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். ஐந்தாவதைத் தொடாதீர்கள். அட்டையில் மிச்சமிருப்பதைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.